ஒரே கல்லில் இரண்டு வயது: ஷேக் தீன் முகமதுவின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுதல்

லண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், சிறுநீரக நோய் இல்லாதவர்களுக்கும் உயர் இரத்த அழுத்தம் இருக்கக்கூடும் என்பதை நாடித்துடிப்பைப் பதியும் கருவியைக் கொண்டு எடுத்துக்காட்டிவிட்டு, 1884ஆம் ஆண்டு டைஃபாய்டு காய்ச்சலில் தமது 35ஆம் வயதில் இறந்தார். அவருடைய முழுப்பெயர் பிரெடரிக் ஹென்றி ஹொரேஷியோ அக்பர் மஹோமெட். பிறந்தது 1849இல், தென் இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனில். தந்தை அதே நகரில் வாட்போரும் உடற்பயிற்சியும் கற்பிக்கும் கூடம் நடத்தியவர்; அதே குடும்பத்தில் வந்த இன்னொருவர் பக்கத்து ஊரான ஹோவில் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். எல்லா வகையிலும் விக்டோரியா காலத்து ஆங்கில நடுத்தரக் குடும்பம் என்று சொல்லத்தக்க இந்தக் குடும்பத்துக்கு அக்பரும் மஹோமெட்டும் எங்கிருந்து வந்தார்கள் என்பதே இந்த ஆய்வின் தொடக்கக் கேள்வி.

மூதாதையரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, குடும்பத்தில் வழங்கும் பழங்கதையின் தொடக்கத்திலிருந்து, அதாவது மிகத் தொலைவிலுள்ள நபரிடமிருந்து, முன்னோக்கி வர முயல்வது. அப்படி வரும்போது நாம் நம்ப விரும்பும் ஒருவருக்கு நம்மை நாமே வாரிசாக்கிக்கொள்கிறோம். தெரிந்த ஒருவரிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே முறை. இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பும் திருமணமும் இறப்பும் அரசால் பதியப்பட்டதால், அதற்குப் பிந்தைய படிகள் கடினமானவை அல்ல. பிறப்புச் சான்றில் பெற்றோர் இருவரின் பெயரும் தந்தையின் தொழிலும் இருக்கும். திருமணச் சான்றில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். இந்த வழியில் மருத்துவரிடமிருந்து இரண்டே படி பின்னால் சென்றால் அவருடைய தாத்தாவான, இந்தியாவிலிருந்து வந்து பிரைட்டனில் குளியலகம் நடத்திய ஷேக் தீன் முகமதுவிடம் வந்து சேர்கிறோம். ஷேக் தீன் முகமதுவின் கல்லறை பிரைட்டன் புனித நிக்கோலஸ் ஆலய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

கல்லில் உள்ள செய்தி சுருக்கமானது. இந்துஸ்தானத்துப் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் தீன் முகமது 1851 பிப்ரவரி 24 அன்று 101 வயதில் இறந்தார் என்றும், அவருடைய மனைவி ஜேன் 1850 டிசம்பர் 26 அன்று 70 வயதில் இறந்தார் என்றும் அது சொல்கிறது. நூற்றொரு வயது என்பது பார்த்தவுடன் ஐயத்தை எழுப்பும், எழுப்ப வேண்டும். ஆனால் நானும் முதலில் படித்தபோது 101ஐத்தான் பார்த்தேன். எழுபது என்ற சாதாரண எண்ணைக் கண் தாண்டிச் சென்றுவிட்டது. இந்த வழக்கில் இரண்டாவது எண்ணே பெரிய சாட்சி என்பது பிறகு விளங்கும்.

கல்வெட்டும் இறப்புப் பதிவும் இறப்பு நாளுக்கு நல்ல சாட்சிகள். பிறப்புக்கு மோசமான சாட்சிகள். இறந்தவரின் வயதைச் சொல்வது வீட்டிலுள்ள ஒருவர். அவர் சொல்வது இறந்தவர் தம் வாழ்நாளில் சொல்லிவந்தது. அக்கால ஆங்கிலேய இறப்புச் சான்றில் பிறந்த இடத்துக்குக் கட்டமே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இவர் விஷயத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒவ்வொருவரின் வயது, குடும்பத் தலைவருக்கு உறவு, பிறந்த ஊர் ஆகியவற்றை முறையாகக் கேட்ட முதல் கணக்கெடுப்பு 1851 மார்ச் 30 அன்று எடுக்கப்பட்டது. தீன் முகமது அதற்கு ஐந்து வாரம் முன்னால் இறந்துவிட்டார், ஜேன் மூன்று மாதம் முன்னால். அதற்கு முந்தைய 1841 ஜூன் கணக்கெடுப்பிலோ பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதுமாறு அறிவுறுத்தியிருந்தார்கள். பிறந்த இடத்துக்கு, இதே மாவட்டமா இல்லையா, அல்லது ஸ்காட்லாந்தா, அயர்லாந்தா, வெளிநாடா என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து மட்டுமே. உறவுமுறை கேட்கப்படவே இல்லை. ஆக இந்த மனிதரின் பிறப்பையும் மணத்தையும் அறிய, அரசுப் பதிவுகளின் வசதியான காலத்தை விட்டுப் பின்னோக்கி இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பிரைட்டன் காலம், அதாவது 1814 முதல் இறப்பு வரை, ஆவணம் மிகுந்த காலம். மிகுதியே இங்கே ஆபத்து, ஏனெனில் அதில் பெரும்பகுதி விளம்பரம். மூலிகை கலந்த நீராவியில் வாடிக்கையாளரை வியர்க்கவைத்து, பிறகு கைகளை மட்டும் உள்ளே நீட்டும்படி சட்டைக் கை தைத்த ஒரு துணிக் கூடாரத்துக்குள் அவரை உட்காரவைத்து, வெளியே நின்றபடி உடம்பைப் பிடித்துவிடுவதுதான் அவர் நடத்திய சிகிச்சை. உடம்பைப் பிசைந்துவிடுவதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த ஷாம்பூ என்பதற்கு ஆங்கிலத்தில் அன்று அதுவே பொருள்; தலைக்குப் போடும் நுரை பிற்காலத்தது. 1820இல் நோய் நீங்கியவர்களின் கடிதங்களைத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1821இல் கடலோரத்தில் பெரிய குளியலகம் கட்டப்பட்டது. இன்று குவீன்ஸ் ஹோட்டல் நிற்கும் இடம் அது. 1822இல் தம் சிகிச்சை முறையை விளக்கும் விரிவான நூலை எழுதினார். அது 1838க்குள் மூன்று பதிப்புக் கண்டது. மன்னர் நான்காம் ஜார்ஜுக்கும் அவருக்குப் பின் வந்த நான்காம் வில்லியமுக்கும் ஷாம்பூயிங் சர்ஜன் என்ற நியமனமும் கிடைத்தது. குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். வேண்டுதல் நிறைவேறியவர்கள் கோயிலில் கண்மலரும் கால்மலரும் சாத்துவதை அறிந்த நமக்கு அது புதிதாகத் தோன்றாது.

இந்தக் காலத்து நூல்களில்தான் அவர் 1749இல் பாட்னாவில் பிறந்தவர் என்றும், மருத்துவம் பயின்று கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சர்ஜனாகச் சேர்ந்தவர் என்றும் தம்மைப் பற்றி எழுதியிருக்கிறார். கல்லறையின் 101 இந்தக் கணக்கிலிருந்து வந்தது. அச்சில் ஏறியது, அதுவும் சம்பந்தப்பட்டவரே எழுதியது, மூன்று முறை பதிப்பிக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஆவணத்தை எடைபோடும்போது யார் எழுதினார் என்பதோடு, எழுதிய நேரத்தில் அந்தச் செய்தியால் அவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். பிரைட்டனில் அவருக்குப் போட்டியாக வேறு குளியலகங்கள் இருந்தன. படித்த மருத்துவர்களின் ஏளனமும் இருந்தது. மருத்துவப் பயிற்சிக்கு இடமளிக்கும் அளவுக்கு நீண்ட இளமைப்பருவம் அவருக்குத் தேவைப்பட்டது. இந்த ஐயத்தை இப்போதைக்கு ஐயமாகவே வைத்துக்கொண்டு, லண்டனுக்குப் போகலாம்.

லண்டனில் அவர் வாழ்ந்தது போர்ட்மன் சதுக்கத்தைச் சுற்றிய பகுதியில். இந்தியாவில் பொருள் சேர்த்துத் திரும்பிய கம்பெனிக்காரர்கள் பலர் குடியேறிய இடம் அது. அவர்களில் ஒருவரான பேசில் காக்ரன் மதராசில் கம்பெனி உத்தியோகத்திலும் கடற்படைக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர். தம் மாளிகையிலேயே நீராவிக் குளியல் ஏற்பாடு செய்திருந்தார். அங்கே தீன் முகமது வேலைக்கு அமர்ந்தார். பிரைட்டனில் புகழ் தந்த தொழிலின் வேர் கல்கத்தா மருத்துவமனை எதிலும் இல்லை. மதராஸ் பணத்தில் கட்டிய ஒரு லண்டன் வீட்டில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1810இல் அவர் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தானி காபி ஹவுஸ் என்ற உணவகத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகம் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். 2005இல் அங்கே நினைவுப் பலகையும் வைத்தார்கள். இந்திய உணவு, மூங்கில் நாற்காலிகள், உண்மையான சிலம் புகையிலையோடு ஹூக்கா என்று 1811இல் டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் வந்தது. அடுத்த ஆண்டே திவால். அக்காலத்தில் திவால் சட்டம் வணிகர்களுக்கு மட்டுமே உரியது. மற்றக் கடனாளிகளுக்குச் சிறைதான். திவாலானவர்களின் பெயரும் தொழிலும் முகவரியும் லண்டன் அரசிதழில் அச்சாகும். மூதாதையர் ஒருவர் தோற்றுப்போனது வாரிசுக்கு வருத்தமாக இருக்கலாம், தேடுகிறவருக்கு அது புதையல்: வெற்றி பெற்றவர் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்வார், தோற்றவரைப் பற்றி அரசு எழுதிவைக்கும், அதுவும் நாள் குறிப்போடு. தீன் முகமதுவின் குடும்ப நினைவில் எஞ்ச விரும்பாத இந்த ஆண்டுகள்தான் ஆவணத்தில் மிகவும் நம்பத்தக்கவை. 1813 ஏப்ரலில் டைம்ஸில் இன்னொரு சிறு விளம்பரம் வருகிறது. இந்துஸ்தானி காபி ஹவுஸில் முன்பு இருந்த மஹோமெட், கனவான் ஒருவர் வீட்டில் தலைமைப் பணியாளராகவோ தனியாளுக்கு உடை முதலியவற்றைக் கவனிக்கும் ஏவலராகவோ வேலை தேடுகிறார். சந்தையில் பொருள் வாங்கவும் அடுக்களையை நடத்தவும் தெரிந்தவர். நகரமானாலும் நாட்டுப்புறமானாலும் சம்மதமே. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரச குடும்பத்தின் ஆதரவோடு நூல் வெளியிட்ட அதே மனிதர் இவர். தமக்கு மருத்துவப் பயிற்சி உண்டென்று இந்த விளம்பரத்தில் ஒரு சொல் இல்லை. வேலை கிடைக்க எதையும் சொல்லக்கூடிய நேரத்தில் சொல்லாமல் விட்டதும் சான்றுதான்.

லண்டன் ஆவணங்களில் குடும்ப வரலாற்றுக்கு மிக முக்கியமானவை மேரிலபோன் ஆலயப் பதிவேடுகளில் உள்ள இரண்டு சிறு பதிவுகள். போர்ட்மன் சதுக்கமும் ஜார்ஜ் தெருவும் அந்த ஆலயத்தின் பங்கை, அதாவது அதன் ஆளுகைப் பகுதியை, சேர்ந்தவை. 1806இல் மஹோமெட் என்ற பெயருடைய ஒருவர் ஜேன் ஜெஃப்ரிஸ் என்ற பெண்ணை அங்கே மணக்கிறார். 1809 ஜூன் 11 அன்று, முந்தைய ஆண்டு பிறந்த அமீலியா என்ற பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கிறது. தந்தையின் பெயர் வில்லியம் டீன் மஹோமெட், தாயின் பெயர் ஜேன். ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலையும் இருப்பிடத்தையும் எழுதும் அச்சிட்ட படிவம் 1813 ஜனவரி முதல்தான் சட்டப்படி வந்தது. நான்கு ஆண்டு கழித்து நடந்திருந்தால் இந்த ஞானஸ்நானம் இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கும்.

இவர் நம்மவர்தானா? வில்லியம் என்ற பெயர் வேறெங்கும் அவருக்கு வழங்கவில்லை. ஆனால் டீன் மஹோமெட் என்ற பெயர்ச் சேர்க்கை அக்கால இங்கிலாந்தில் மிக அரிது. இடம் அவர் தொழில் நடத்திய அதே பங்கு. மனைவியின் பெயர் கல்லறையிலுள்ள அதே பெயர். அமீலியா என்ற மகளும் அவருடைய பிள்ளைகளின் பட்டியலில் இருக்கிறாள். நான்கு வேறு திசைகளிலிருந்து வரும் குறிப்புகள் ஒரே ஆளைச் சுட்டும்போது ஏற்றுக்கொள்ளலாம். பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தீன் என்பது சமயம் என்று பொருள்படும் அரபுச் சொல். ஆங்கிலேயக் காதில் அது பேராலய அதிபரைக் குறிக்கும் டீன் என்று விழுந்தது. ஷேக் என்பது சேக் ஆயிற்று. முகமது, மஹோமெட், மஹோமெத், மஹோமத் என்று ஒவ்வொரு எழுத்தரும் தாம் கேட்டபடி எழுதினார்கள். எது குடும்பப்பெயர், எது சொந்தப்பெயர் என்ற பிரிவே இல்லாத ஒரு பெயரை இரண்டு கட்டத்துக்குள் அடைத்தார்கள். கடவுச்சீட்டுப் படிவத்தில் தந்தை பெயரின் முதலெழுத்தை விரித்துத் தம் குடும்பப்பெயராக்கிக்கொண்ட தமிழர் எவருக்கும் இந்தத் தொல்லை விளங்கும். எனவே ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டச்சு செய்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டுவது இந்தத் தேடலில் பயன்படாது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தீன் முகமதுவைப் பற்றி நெடுங்காலம் எழுதியவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரே மனைவி என்றும், அவர் அயர்லாந்தில் காதலித்து அழைத்துக்கொண்டு ஓடிய ஜேன் டேலி என்ற பெண்ணே அவர் என்றும் எழுதினார்கள். அந்த ஜேனைத் தேடி, இந்தியாவிலிருந்து வந்தபின் அவர் முதலில் வாழ்ந்த அயர்லாந்தின் கார்க் நகருக்கு நாம் போக வேண்டும்.

அயர்லாந்தின் ஆவணங்களைத் தேடுகிற எவரும் முதலில் கேள்விப்படும் நாள் 1922 ஜூன் 30. டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் வெடித்த வெடியிலும் தீயிலும் பொது ஆவணக் காப்பகம் அழிந்தது. பல நூற்றாண்டு மண உரிமப் பத்திரங்களும் உயில்களும் கணக்கெடுப்புத் தாள்களும் சாம்பலாயின. கார்க், ராஸ் மறைமாவட்டத்தின் மணப்பிணைப் பத்திரங்களுக்கு மட்டும் ஒரு நற்பேறு: அவற்றின் அகரவரிசை அட்டவணை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அச்சேறியிருந்தது. ஆலயத்தில் மூன்று வாரம் மண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் உரிமம் பெற்று மணக்க விரும்புகிறவர், மணத்துக்குத் தடை எதுவும் இல்லை என்று ஆயரின் நீதிமன்றத்தில் பணத்துக்குப் பொறுப்பேற்றுப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த அட்டவணையில் 1786ஆம் ஆண்டில் தீன் முகமதுவும் ஜேன் டேலியும் இருக்கிறார்கள். பத்திரம் எரிந்துபோயிற்று, அதன் நிழலான ஒரு வரி எஞ்சியிருக்கிறது. பத்திரம் ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் ஆயரிடம் எழுதப்பட்டிருப்பதால் அதற்குள் அவர் அந்தச் சபையில் சேர்ந்துவிட்டார் என்று கொள்ளலாம். இதற்கு மாறாக, 1791இல் அவர்களுடைய மகன் ஒருவனுக்கு ஞானஸ்நானம் கத்தோலிக்க ஆலயப் பதிவேட்டில் காணப்படுகிறது. அக்கால அயர்லாந்தில் இரு சபைகளுக்கிடையே நடக்கும் மணத்தைச் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. ஓடிப்போய் மணந்ததன் காரணம் நிறம் மட்டும்தானா, பெண் வீட்டுச் சமயமும் சேர்ந்ததா என்று இந்த ஒரு பதிவு நம்மைக் கேட்கவைக்கிறது.

ஓடிப்போன கதை குடும்பப் புனைவு இல்லை என்பதற்கு எதிர்பாராத ஒரு சாட்சி உண்டு. லக்னோவைச் சேர்ந்த மிர்சா அபு தாலிப் கான் லண்டனுக்குப் போகும் வழியில் 1799 டிசம்பரில் கார்க் வந்தார். அவர் பாரசீக மொழியில் எழுதிய பயண நூலில், அவரை இந்தியாவிலிருந்து கார்க்குக்கு அழைத்துவந்த படை அதிகாரியான பேக்கரின் குடும்பத்தால் சிறுவயது முதல் வளர்க்கப்பட்ட தீன் முகமது என்ற முஸ்லிமைச் சந்தித்ததாகவும், அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த உயர்குடிப் பெண்ணொருத்தியோடு வேறு ஊருக்கு ஓடி மணந்து திரும்பியவர் என்றும், அழகான பிள்ளைகளும் தனி வீடும் செல்வமும் உடையவர் என்றும், தம்மைப் பற்றியும் இந்திய வழக்கங்களைப் பற்றியும் புத்தகம் எழுதியிருக்கிறார் என்றும் குறிப்பிடுகிறார். வழிப்போக்கர், உறவினர் இல்லை, புகழ்ந்து ஆகவேண்டியது எதுவும் இல்லை, வேறு மொழியில் வேறு வாசகருக்காக எழுதியவர். இப்படி ஒரு சாட்சி அமைவது எந்தத் தேடலிலும் அபூர்வம்.

இனி கல்லறைக்குத் திரும்பலாம். ஜேன் 1850இல் 70 வயதில் இறந்தார் என்றால் அவர் பிறந்தது 1780ஐ ஒட்டி. 1786இல் பத்திரம் எழுதப்பட்டபோது அந்த ஜேனுக்கு ஆறு வயது. ஆறு வயதுக் குழந்தையோடு யாரும் ஓடிப்போகவில்லை. ஆகவே பிரைட்டனில் புதைக்கப்பட்ட ஜேன், கார்க்கின் ஜேன் டேலியாக இருக்க முடியாது. வயது ஐந்து ஆண்டு பிசகியிருந்தாலும் கூட இந்த முடிவு மாறாது. பிள்ளைகளின் வயதும் இதற்கே துணை நிற்கிறது. மருத்துவரின் தந்தையான பிரெடரிக் முதலியோர் குடும்பம் பிரைட்டனில் குடியேறிய காலத்தில் பிறந்தவர்கள். 1786இல் மணப் பருவத்தில் இருந்த பெண் அப்போது நாற்பதுகளின் நடுவைத் தாண்டியிருப்பார். 1806இல் மேரிலபோனில் மணந்த ஜேன் ஜெஃப்ரிஸ்தான் கல்லிலுள்ள ஜேன் என்றால் எல்லாம் பொருந்துகிறது. இரு மனைவியருக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதால், பின்னால் வந்தவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். நம் ஊர்க் குடும்ப மரங்களில் இறந்த அக்காள் பெயரையே பெற்ற தங்கையும், தாத்தாவின் பெயரையே தாங்கிய பேரனும் ஒருவராகிப்போவது இதே வகைப் பிழை.

இதை வைத்துச் சிலர் அவர் சட்டத்துக்குப் புறம்பாக இரண்டு மனைவியரை வைத்திருந்தார் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்தக் குற்றம் நிற்க வேண்டுமானால் 1806இல் ஜேன் டேலி உயிரோடிருந்தார் என்று காட்ட வேண்டும். அபு தாலிப்பின் கூற்று 1799க்கு மட்டுமே சாட்சி; அதற்கும் 1806க்கும் இடையே ஏழு ஆண்டுகள் உள்ளன. நிறுவப்பட்டது இரண்டு மணங்கள். அவை ஒரே காலத்தில் நின்றன என்பது நிறுவப்படவில்லை. இன்னொன்றும் இந்த மணப் பதிவால் தெரிகிறது: அவர் 1807ஐ ஒட்டி லண்டன் வந்தார் என்று வழக்கமாக எழுதப்படுவதை ஓராண்டாவது முன்னே தள்ள வேண்டும்.

கார்க் காலத்தின் தலையாய ஆவணம் 1794இல் இரண்டு பாகமாக வெளிவந்த அவருடைய பயண நூல். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் என்ற சிறப்பு அதற்கு உண்டு. நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அமைந்தது. முன்பணம் கட்டிய சந்தாதாரர்களின் பட்டியல் நூலிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது: 320 பேர், நிலக்கிழார்களும் குருமார்களும் படை அதிகாரிகளும் அவர்களில் அடக்கம். ஊர்ப் பெரியவர்கள் இத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க முடிந்தவர் சமையற்கட்டில் ஒதுங்கிக் கிடந்த ஏவலாளாக இருந்திருக்க முடியாது. நூலின் உள்ளடக்கத்தை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நகரங்களையும் வழக்கங்களையும் வருணிக்கும் சில பகுதிகள், அவருக்கு முன் இந்தியா வந்த ஜான் ஹென்றி குரோஸ், ஜெமைமா கிண்டர்ஸ்லி ஆகியோரின் எழுத்துகளிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர் மைக்கேல் ஃபிஷர் காட்டியிருக்கிறார். அந்தப் பகுதிகளை வைத்து அவர் அங்கே போனார் என்று வாதிடக் கூடாது. படை நடந்த வழியும் அதிகாரிகளின் பெயர்களும் பதவி உயர்வுகளும் வேறு வகை. அவற்றைக் கம்பெனி ஆவணங்களோடு ஒப்பிடலாம்.

ஒப்பிடும் வழி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா அலுவலக ஆவணங்கள் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு அலமாரிகளை நிரப்பியவை. அவற்றில் பதினெட்டாம் நூற்றாண்டு வங்காளப் படையின் ஐரோப்பிய அதிகாரி ஒவ்வொருவரும் பெயரோடு இருக்கிறார். அவர் கீழ் நடந்த சிப்பாய் பெரும்பாலும் எண்ணிக்கைதான். எனவே இந்தியரைத் தேட அவருடைய அதிகாரியைத் தேட வேண்டும். தீன் முகமதுவுக்கு அந்த அதிகாரி கார்க் நகரத்துக் காட்ஃப்ரி எவன் பேக்கர். பேக்கர் எங்கே இருந்தாரோ அங்கே இவர். பேக்கர் கேப்டனானபோது இவர் ஜமேதார், பிறகு அதற்கு மேற்பட்ட பதவியான சுபேதார். 1781இல் காசி மன்னர் சேத் சிங் எதிர்த்தெழுந்தபோது இருவரும் அந்தப் போரில். அடுத்த ஆண்டு கிராமத்தாரிடம் பணம் பறித்தார் என்ற குற்றச்சாட்டின்பேரில் பேக்கர் திரும்ப அழைக்கப்பட்டார். அவர் படையை விட்டபோது இவரும் விட்டார். பயண நூல் இதை மென்மையாகக் கடந்து போகிறது. கம்பெனியின் கோப்பு கடந்து போகவில்லை. 1784 ஜனவரியில் இருவரும் புறப்பட்டது டேனிஷ் கப்பலொன்றில். ஆகவே ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்களின் நாட்குறிப்புகளில் அவர்களைத் தேடுவது வீண் உழைப்பு. வங்காளத்தில் செராம்பூரையும் நம் பக்கத்தில் தரங்கம்பாடியையும் வைத்திருந்த டேனிஷ்காரர்களின் கப்பல்களில், கம்பெனியின் கண்ணில் படாமல் ஊர் திரும்ப விரும்பிய ஆங்கிலேயர் பலர் அக்காலத்தில் ஏறினார்கள்.

எஞ்சியிருப்பது பாட்னாவும் பிறந்த ஆண்டும். பயண நூலில் அவர் தம் குடும்பம் முர்ஷிதாபாத் நவாபுகளின் வழி வந்தது என்கிறார். தாத்தாவுக்கு முந்தியவர்கள் எல்லாரும் பாளையக்காரர் வம்சமாக இருக்கும் நம் குடும்பக் கதைகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பழைய ராகம். ஏற்கவும் மறுக்கவும் தேவையில்லாமல் ஒதுக்கிவைக்கலாம். இன்று பல இடங்களில் எழுதப்படும் மறுபக்கக் கதை, அவர் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர் என்பது. பிற்காலத் தொழிலிலிருந்து பிறப்பை ஊகிக்கும் முயற்சி அது. அவருடைய சொந்த எழுத்தில் அதற்கு இடமில்லை.

அதே நூலில் பிறந்த ஆண்டு 1759 என்று இருக்கிறது. 1794இல் கார்க்கில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் பத்து வயது கூட்டியோ குறைத்தோ சொல்வதால் ஒன்றும் கிடைக்காது. தந்தை கம்பெனிப் படையில் சுபேதார். 1769இல் வரிப் பாக்கி தராத ஒரு ஜமீன்தாரோடு நடந்த மோதலில் இறந்தார். தம்மைப் பத்துப் பதினோரு வயதுச் சிறுவனாகவே இந்த இடத்தில் அவர் காட்டுகிறார்: பாட்னாவில் ராஜா ஷிதாப் ராயின் மாளிகையில் ஐரோப்பியர் கூடும்போதெல்லாம் வேடிக்கை பார்க்க நுழைவதும், அங்கே டென்னிஸ் ஆட்டத்தின்போது பேக்கரின் கண்ணில் படுவதும், தாயின் விருப்பத்துக்கு மாறாக முகாமுக்குப் போய்விடுவதும் அந்த வயதுக்குரியவை. தந்தையின் மறைவுக்குப் பின் அவருடைய பதவி மூத்த மகனுக்குக் கிடைத்தது என்றும், அப்போது அண்ணனுக்கு வயது ஏறத்தாழ பதினாறு என்றும் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரைட்டனில் பிறந்த ஆண்டை மாற்றியவர் இந்த வரியை மறந்துவிட்டார் போலும். 1749தான் சரியென்றால் தந்தை இறந்த 1769இல் தம்பிக்கு இருபது வயது, அண்ணனுக்குப் பதினாறு.